பழைய சிசிடிவியை மாத்தப் போறீங்களா? கேமராவுக்கு முன்னாடி ரவுட்டரைப் பாருங்க!

குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் உள்ள ஒரு மகப்பேறு மருத்துவமனை. அங்கே பெண் நோயாளிகளைப் பரிசோதிக்கும் காட்சிகள் 2025 பிப்ரவரியில் யூடியூப்பில் வெளியாகின. முழு வீடியோ வேண்டுமென்றால் டெலிகிராம் குரூப்புக்கு வா, பணம் கட்டு என்று வியாபாரமும் நடந்தது. அகமதாபாத் சைபர் கிரைம் போலீஸ் விசாரணையில் இறங்கியது. யாரும் ரகசிய கேமரா ஒளித்து வைக்கவில்லை. பாதுகாப்புக்காக மருத்துவமனையே மாட்டிய சிசிடிவிக்குள், பாஸ்வேர்டுகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் முறையில் வெளியாட்கள் இன்டர்நெட் வழியாக நுழைந்திருந்தார்கள்.

அது மருத்துவமனை, நம்ம வீட்டு கேமராவை யார் பார்க்கப் போறா என்று தோன்றலாம். ஆனால் இப்படி நுழைபவர்கள் முகவரி பார்த்து வருவதில்லை. பூட்டாத கதவு எது என்று தேடும் வேலையை சாஃப்ட்வேர் செய்கிறது. அதில் மருத்துவமனையும் சிக்கும், ஹாலில் கேமரா வைத்த வீடும் சிக்கும்.

இன்னொரு பக்கம், ஊரில் அதிகம் கேட்கும் புலம்பல் இது: "கேமரா எல்லாம் இருந்துச்சு. திருடு போன அன்னைக்குப் பார்த்தா ரெக்கார்டிங்கே இல்ல." நாலைந்து வருடம் முன்பு மாட்டிய செட்டை இப்போது மாற்ற நினைப்பவர்கள் இந்த இரண்டு பிரச்சனைகளையும் மனதில் வைத்துத்தான் கடைக்குப் போக வேண்டும். எத்தனை மெகாபிக்சல் என்பது அதற்கப்புறம் வரும் கேள்வி.

முதலில், வீட்டில் இருப்பது எது?

ரெக்கார்டர் பெட்டியின் பின்பக்கம் பாருங்கள். கேமரா ஒயர் ஒவ்வொன்றும் வட்டமான உலோக முனையோடு, திருகி மாட்டும்படி இருந்தால் அது பிஎன்சி கனெக்டர். அப்படியென்றால் உங்களிடம் இருப்பது டிவிஆர், கேமராக்கள் அனலாக் வகை. சுவருக்குள் ஓடுவது பெரும்பாலும் 3+1 கேபிள். அதாவது படத்துக்கு ஒரு கோஆக்சியல் ஒயர், கூடவே கரண்டுக்கும் ஆடியோவுக்கும் மூன்று மெல்லிய ஒயர்கள்.

கம்ப்யூட்டரில் குத்துவது போன்ற பிளாஸ்டிக் கிளிப் முனை இருந்தால் அது ஐபி கேமரா. பெட்டியின் பெயர் என்விஆர். இங்கே ஒவ்வொரு கேமராவும் ஒரு குட்டி கம்ப்யூட்டர். அதற்கென்று ஐபி முகவரி, பாஸ்வேர்டு, சாஃப்ட்வேர் எல்லாம் உண்டு.

கடையில் கேட்டால் "சார், அனலாக் எல்லாம் போச்சு, ஐபிக்கு மாறிடுங்க" என்பார்கள். அது முழு உண்மை இல்லை. பழைய கோஆக்சியல் ஒயரிலேயே 2 மெகாபிக்சல், 5 மெகாபிக்சல் படம் தாராளமாக வரும். ஒயர் நல்ல நிலையில் இருந்தால் டிவிஆரையும் கேமராவையும் மட்டும் மாற்றினால் போதும். சுவரை உடைக்க வேண்டாம். இப்போது வரும் பல டிவிஆர்கள், எக்ஸ்விஆர் என்ற பெயரில், பழைய அனலாக் கேமராக்களோடு இரண்டு மூன்று ஐபி கேமராக்களையும் சேர்த்துக்கொள்ளும். வாடகை வீட்டுக்காரர்களுக்கும், புதிதாகப் பெயின்ட் அடித்த வீட்டுக்காரர்களுக்கும் இதுதான் நியாயமான வழி.

புதிதாக வீடு கட்டுகிறீர்கள், மாடி எடுக்கிறீர்கள், ஒயரிங் எப்படியும் பிரிக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் யோசிக்காமல் ஐபிக்குப் போகலாம்.

எத்தனை மெகாபிக்சல் வேணும்?

இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கு. முன்பின் தெரியாத ஒருவரை வீடியோவில் அடையாளம் காண, காட்சியில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும் என்கிறது சிசிடிவிக்கான சர்வதேச தரநிலை. 2 மெகாபிக்சல் கேமரா தரும் படத்தின் அகலம் 1920 பிக்சல். 1920-ஐ 250-ஆல் வகுத்தால் 7.68. ஆக, அந்த கேமராவின் காட்சி சுமார் 25 அடி அகலம் வரை இருந்தால்தான் முகம் தெளிவாகக் கிடைக்கும்.

பொதுவாக மாட்டப்படும் 2.8 மிமீ லென்ஸ் மிக அகலமாகப் பார்க்கும். கேமராவிலிருந்து பத்து அடி தள்ளிப் போனாலே காட்சி 25 அடிக்கு விரிந்துவிடும். அதனால்தான் தெரு முழுக்க தெரிகிறது, பைக்கைத் தள்ளிக்கொண்டு போனவன் முகம் மட்டும் தெரியவில்லை. எல்லா கேமராவையும் 8 மெகாபிக்சலுக்கு மாற்றுவதைவிட, கேட்டுக்கு மட்டும் 4 அல்லது 6 மிமீ லென்ஸ் கேமரா ஒன்றைத் தனியாகப் போடுவது செலவும் குறைவு, பலனும் அதிகம்.

உயரமும் முக்கியம். சன்ஷேடுக்கு மேலே பன்னிரண்டு அடியில் மாட்டினால் யாரும் கை வைக்க முடியாதுதான். ஆனால் ரெக்கார்டாவது தலைமுடியும் தொப்பியும்தான்.

ரவுட்டர் எங்கே இருக்கு?

பல வீடுகளில் ஃபைபர் கனெக்‌ஷன் கொடுக்க வந்தவர் கேபிள் எங்கே உள்ளே நுழைகிறதோ அங்கேயே மோடத்தை மாட்டிவிட்டுப் போயிருப்பார். வாசல் பக்கத்து ஷூ ரேக்குக்கு மேலே, அல்லது டிவி யூனிட்டுக்குப் பின்னால். அங்கிருந்து மூன்று கான்கிரீட் சுவர் தாண்டி பின்கட்டு வைஃபை கேமராவுக்கு சிக்னல் போக வேண்டும். போகாது. போனாலும் ராத்திரி இரண்டு மணிக்கு விட்டுப் போகும்.

வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு பேண்ட் உண்டு. 5 வேகம் அதிகம், சுவரைத் தாண்டும் திறன் குறைவு. 2.4 வேகம் குறைவு, தூரம் போகும். விலை குறைந்த வைஃபை கேமராக்கள் பெரும்பாலும் 2.4-ல் மட்டும்தான் வேலை செய்யும். இங்கேதான் அபார்ட்மென்ட் வீடுகளில் சிக்கல். 2.4-ல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. ஒரு தளத்தில் எட்டு வீடு, எட்டு ரவுட்டர் என்றால் மூன்று லேனில் எட்டு வண்டி. போனில் இருக்கும் வைஃபை அனலைசர் வகை ஆப் ஒன்றில் பார்த்து, கூட்டம் குறைந்த சேனலை ரவுட்டர் செட்டிங்கில் நிரந்தரமாக வைத்தால் கேமரா விட்டு விட்டுப் போவது கணிசமாகக் குறையும்.

ஆனால் அடிப்படையான விதி ஒன்றுதான். நகராத பொருளுக்கு ஒயர் போடுங்க. டிவி, ரெக்கார்டர், கேமரா எதுவும் இடம் மாறப் போவதில்லை. போனும் லேப்டாப்பும்தான் நடமாடும். வைஃபையை அதற்கு விட்டுவிட்டால் ரவுட்டர் மாற்றாமலேயே நெட் வேகமாகிவிட்ட மாதிரி இருக்கும். என்விஆரில் தொடர்ந்து ரெக்கார்டாகும் வைஃபை கேமரா சும்மா இருக்கும் நேரம் என்பதே கிடையாது. 24 மணி நேரமும் விநாடிக்கு 2 மெகாபிட் அனுப்பிக்கொண்டே இருக்கும். அப்படி ஆறு கேமரா வைஃபையில் தொங்கினால் மற்றவர்களுக்கு மிச்சம் என்ன இருக்கும்?

மாடிக்கு சிக்னல் வரவில்லை என்றால் சுவர் பிளக்கில் குத்தும் எக்ஸ்டெண்டரை வாங்கி ஏமாற வேண்டாம். பாதி பலவீனமான சிக்னலை வாங்கி அதையே திருப்பிப் பரப்பும் வேலைதான் அது. பழைய ரவுட்டர் ஒன்று சும்மா கிடந்தால் அதையே பயன்படுத்தலாம். மாடிக்கு ஒரு கேட்-6 கேபிள் இழுத்து, பழைய ரவுட்டரின் லேன் போர்ட்டில் குத்தி, அதன் டிஎச்சிபி வசதியை அணைத்துவிட்டால் அது அக்சஸ் பாயின்ட் ஆகிவிடும். ஐபி முகவரி மட்டும் கீழ் ரவுட்டரின் முகவரியோடு மோதாமல் மாற்றிக்கொள்ள வேண்டும். கீழே 192.168.1.1 என்றால் மேலே 192.168.1.2. வேன் போர்ட்டில் குத்திவிட்டால் ரவுட்டருக்குப் பின்னால் ரவுட்டர் என்று ஆகி, மாடியிலிருக்கும் கேமராவைக் கீழே இருக்கும் என்விஆர் கண்டுபிடிக்காமல் தவிக்கும். "புது என்விஆர் கேமராவையே காட்ட மாட்டேங்குது" என்று வரும் புகார்களுக்குப் பின்னால் இந்த ஒரு போர்ட் மாற்றம் அடிக்கடி ஒளிந்திருக்கும்.

இரண்டு தளத்துக்கு மேல் இருந்தால், ஒயர் இழுக்க வழியே இல்லையென்றால், மெஷ் ரவுட்டர் செட் பார்க்கலாம். அதிலும் பெட்டிகளை ஒயரால் இணைக்க முடிந்தால் நல்லது.

ஒரே ஒயரில் கரண்டும் படமும்

ஐபி கேமராவின் பெரிய வசதி பிஓஇ. நெட்வொர்க் கேபிளிலேயே கரண்டும் போய்விடும். கேமரா பக்கத்தில் பிளக் பாயின்ட் தேவையில்லை. அடிப்படை பிஓஇ தரத்தில் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரை கிடைக்கும். சாதாரண வீட்டு கேமராவுக்கு அது போதும். சுழலும் கேமரா மாட்டினால் 30 வாட் தரும் பிஓஇ பிளஸ் தேவைப்படலாம். கேபிள் நீளம் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டியது கேபிளின் உலோகம். சந்தையில் கேட்-6 என்று அச்சடித்து பாதி விலைக்குக் கிடைப்பது சிசிஏ, அதாவது அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசியது. அலுமினியத்தில் மின் தடை அதிகம். பகலில் எல்லாம் நன்றாக ஓடும். ராத்திரி கேமராவின் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரிய ஆரம்பித்ததும் கரண்ட் தேவை கூடும். நீளமான கேபிளின் கடைசியில் வோல்டேஜ் இறங்கி கேமரா அணைந்து, மறுபடி எழுந்து, மறுபடி அணையும். கேமரா ரிப்பேர் என்று நினைத்து கேமராவையே மாற்றுவார்கள். கேபிள் வாங்கும்போது நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம். சுத்தமான செம்பு கேபிள் கேட்டு வாங்குங்கள்.

அனலாக்கிலும் இதே கதை உண்டு. நான்கு கேமராவுக்கு ஒரே எஸ்எம்பிஎஸ் பெட்டியிலிருந்து 12 வோல்ட் போகும். வருஷங்கள் ஓடியதும் அது பலவீனமாகி, ராத்திரி மட்டும் படத்தில் கோடு விழும். கேமராவைக் குறை சொல்வதற்கு முன் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிப் பார்ப்பது சில நூறு ரூபாய் வேலை.

வெளியே மாட்டும் கேமராவின் கனெக்டரை ஜங்ஷன் பாக்ஸ் இல்லாமல் தொங்கவிட்டால் முதல் மழைக்குத் தண்ணீர் இறங்கும். கடலோர ஊர்களில் மழை வரைகூடக் காத்திருக்க வேண்டாம், உப்புக் காற்றே போதும். மொட்டை மாடி வழியாக அவுட்ஹவுஸுக்கு நீளமாக கேபிள் இழுப்பவர்கள் இடியையும் யோசிக்க வேண்டும். அந்த ஒரு ஒயர் வழியாக வரும் சர்ஜில் சுவிட்ச், ரெக்கார்டர், ரவுட்டர் மூன்றும் சேர்ந்து போகலாம். எர்த்திங்குடன் சர்ஜ் புரொடெக்டர் வைப்பது அவசியம்.

பிஓஇ சுவிட்ச் வாங்கும்போது கிகாபிட்தான் வேண்டுமா? நான்கு கேமரா சேர்ந்தாலும் 16 மெகாபிட்தான் வரும். 100 மெகாபிட் சுவிட்சே அதிகம்.

கேமரா ஆப் யார் போனில் இருக்கு?

2016 அக்டோபர் 21. அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உட்பட பல தளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. டின் என்ற நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர்கள் மீது நடந்த அந்தத் தாக்குதலில் பயன்படுத்தப்பட்டவை வீடுகளிலும் கடைகளிலும் இருந்த சிசிடிவி கேமராக்கள், டிவிஆர்கள், ரவுட்டர்கள்தான். மிராய் என்ற அந்த வைரஸ் செய்த வேலை ரொம்ப சாதாரணம். தொழிற்சாலையில் வைத்து அனுப்பும் யூசர்நேம், பாஸ்வேர்டு ஜோடிகள் அறுபது சொச்சத்தைப் பட்டியலாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. அட்மின், 1234 வகையறா. கேமரா சொந்தக்காரர்களுக்குத் தங்கள் கேமரா இப்படி ஒரு வேலைக்குப் போனதே தெரியாது.

நம்மூரில் இதைவிடப் பெரிய பிரச்சனை ஒன்று இருக்கு. கேமரா மாட்ட வந்த தம்பி தன் போனில், தன் அக்கவுன்ட்டில் ரெக்கார்டரின் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து, அங்கிருந்து வீட்டுக்காரருக்கு ஷேர் செய்துவிட்டுப் போயிருப்பார். வீட்டுக்காரர் போனில் படம் வருகிறது, திருப்தி. ஆனால் டிவைஸின் உரிமையாளர் இன்னும் அந்தத் தம்பிதான். அவர் நல்லவராகவே இருக்கலாம். அவர் போன் தொலைந்தால்? வேலை மாறினால்? ஆப்பில் டிவைஸ் செட்டிங் பக்கத்தைத் திறந்து 'ஷேர்டு' என்று காட்டுகிறதா, சொந்தமாகச் சேர்த்ததா என்று பாருங்கள். ஷேர்டு என்றால் அவரைக் கூப்பிட்டு அவர் அக்கவுன்ட்டிலிருந்து நீக்கச் சொல்லி, உங்கள் அக்கவுன்ட்டில் புதிதாகச் சேர்க்க வேண்டும். கேட்பதற்குச் சங்கடப்பட ஒன்றுமில்லை. இப்போதைய பல கம்பெனி ஆப்களில் பழைய ஓனர் விடுவிக்காமல் புது ஓனர் சேர்க்கவே முடியாது. ஆகவே அவர் நம்பர் கையில் இருக்கும்போதே செய்துவிடுவது நல்லது.

அடுத்து போர்ட் ஃபார்வர்டிங். வெளியூரிலிருந்து கேமரா பார்க்க ரவுட்டரில் ஒரு கதவைத் திறந்து வைக்கும் பழைய முறை. இன்டர்நெட்டில் தேடித் திரியும் சாஃப்ட்வேர்கள் முட்டிப் பார்ப்பது இந்தக் கதவைத்தான். இப்போது பல கம்பெனிகள் ஒரே பொது ஐபி முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. இதற்கு சிஜிநாட் என்று பெயர். ரவுட்டரின் வேன் ஐபி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் உங்களுக்கும் இதேதான். அந்த கனெக்‌ஷனில் போர்ட் ஃபார்வர்டிங் வேலையே செய்யாது. "ஸ்டாட்டிக் ஐபி வாங்குங்க சார்" என்று சொன்னால், கேமரா பார்ப்பதற்காக மட்டும் என்றால் அந்தச் செலவு தேவையில்லை. கம்பெனி ஆப் வழியாகப் பார்க்கலாம். அதில் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு விபிஎன் இருக்கு.

ரவுட்டரில் யுபிஎன்பி என்ற வசதி ஆன் ஆகி இருந்தால் அணையுங்கள். கேமரா தானாகவே ரவுட்டரிடம் கதவைத் திறக்கச் சொல்லும் வசதி அது. ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். வைஃபை பாஸ்வேர்டு வேறு, அட்மின் பாஸ்வேர்டு வேறு. பலர் முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள்.

வைஃபை கேமராக்களை ரவுட்டரின் கெஸ்ட் நெட்வொர்க்கில் போடுவது நல்ல வழக்கம். கேமராவுக்குள் யாராவது புகுந்தாலும் அங்கிருந்து உங்கள் லேப்டாப்புக்குத் தாவ முடியாது. ஆனால் என்விஆரில் ரெக்கார்டாகும் கேமராவை இப்படிப் பிரித்தால் என்விஆருக்கே எட்டாது. இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டும்.

சாஃப்ட்வேர் அப்டேட் விஷயத்தில் ஒரு உதாரணம் போதும். 2021 செப்டம்பரில் ஹிக்விஷன் கேமராக்களில் ஒரு ஓட்டை வெளியே தெரிந்தது. அதன் வழியாகப் பாஸ்வேர்டே இல்லாமல் கேமராவை முழுதாகக் கைப்பற்ற முடியும். கம்பெனி அப்டேட் கொடுத்தது. அப்டேட் செய்யாத கேமராவில் எவ்வளவு நீளமான பாஸ்வேர்டு வைத்தும் பயனில்லை. இப்போது அப்டேட் வருவதே நின்றுபோன மாடல் என்றால், அதுதான் அதை மாற்ற முதல் காரணம். படம் மங்கலாக இருப்பது இரண்டாவது காரணம்.

எத்தனை நாள் ரெக்கார்டிங் நிற்கும்?

2 மெகாபிக்சல் கேமரா பழைய எச்.264 முறையில் விநாடிக்கு சுமார் 4 மெகாபிட் எழுதும். ஒரு நாளைக்கு 43 ஜிபி. நான்கு கேமரா என்றால் 173 ஜிபி. 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஆறு நாளுக்குள் நிரம்பி, பழையதை அழித்து மேலே எழுத ஆரம்பிக்கும்.

கல்யாணத்துக்கு ஊருக்குப் போய் எட்டாவது நாள் திரும்பி, பூட்டு உடைந்திருப்பதைப் பார்த்தால்? முதல் நாளே திருடன் வந்திருந்தால் ரெக்கார்டிங் போயே போச்சு.

எச்.265 முறைக்கு மாற்றினால் ஏறக்குறைய பாதியாகக் குறையும். அதே 1 டிபியில் 11 நாள் சொச்சம் நிற்கும். 2 டிபி போட்டால் 23 நாள். ரெக்கார்டரும் கேமராவும் இரண்டுமே எச்.265 ஆதரிக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அசைவு இருந்தால் மட்டும் ரெக்கார்டு செய்யும் மோஷன் முறையில் இன்னும் நாள் கூடும். ஆனால் வாசலுக்கு அதை வைக்காமல் இருப்பது நல்லது. மரக்கிளை ஆடினால் ரெக்கார்டு ஆகும், மெதுவாக வந்தவன் தப்பிப்பான்.

ஹார்ட் டிஸ்க் வாங்கும்போது கம்ப்யூட்டரிலிருந்து கழற்றியதைப் போடும் வழக்கம் இருக்கு. சிசிடிவிக்கென்றே 24 மணி நேரமும் எழுதும்படி செய்த டிஸ்க்குகள் தனி. டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்றவை அந்த வகை. மெமரி கார்டில் ரெக்கார்டாகும் வைஃபை கேமராவுக்கும் 'ஹை எண்டியூரன்ஸ்' என்று போட்ட கார்டுதான் சரி. சாதாரண கார்டு சத்தமில்லாமல் செத்துப்போகும். ஆப்பில் லைவ் வந்துகொண்டே இருக்கும், பிளேபேக்கைத் திறந்தால் ஒன்றும் இருக்காது. மாதம் ஒருமுறை, கேஸ் புக் பண்ணும் நாளோடு சேர்த்து, போன வாரத்து ராத்திரி ஒன்றின் பிளேபேக்கை ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்கள்.

ரெக்கார்டர் இருக்கும் இடமும் கேள்விக்குரியது. ஹாலில் டிவிக்குக் கீழே வைத்திருந்தால் திருடன் டிவிஆரையும் தூக்கிக்கொண்டு போவான். நடக்கிற கதைதான் இது. காற்றோட்டம் உள்ள, கண்ணில் படாத பரண் நல்லது. மூடிய பீரோவுக்குள் வைத்தால் சூட்டில் டிஸ்க் போகும். வாசல் கேமரா ஒன்றுக்கு மட்டும் கிளவுடில் அசைவுக் காட்சிகள் சேமிக்கும் வசதி எடுத்தால், பெட்டி போனாலும் ஆளின் முகம் மிஞ்சும். எல்லா கேமராவுக்கும் முழுநேர கிளவுட் எடுக்க வேண்டாம். விநாடிக்கு 2 மெகாபிட் என்றாலும் ஒரு கேமராவுக்கு மாதம் 648 ஜிபி அப்லோடு ஆகும். அன்லிமிடெட் என்று சொல்லும் பல பிளான்களில் ஒரு உச்சவரம்பு இருக்கு.

போனில் மட்டும் படம் மங்கலாத் தெரியுது என்றால் பயப்பட வேண்டாம். டேட்டா மிச்சம் பிடிக்க ஆப் 'சப் ஸ்ட்ரீம்' காட்டுகிறது. முழுத் தரத்தில் பார்த்தால் ஒரு கேமராவுக்கு மணிக்கு 1.8 ஜிபி ஆகும்.

கரண்ட் போனால்?

இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டிலும் அது மாறும் அந்தக் கண நேரத்தில் டிவிஆர் ரீஸ்டார்ட் ஆகும். அடிக்கடி இப்படி ஆனால் டிஸ்க் கெடும். ரவுட்டருக்கும் ஃபைபர் மோடத்துக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் கிடைக்கிறது. அடாப்டரின் பின்னால் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் பார்த்து வாங்க வேண்டும். டிவிஆர், எஸ்எம்பிஎஸ், பிஓஇ சுவிட்ச் மூன்றையும் ஒரு சின்ன கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் போடலாம்.

போலீஸ் கேட்கும்போது

ரெக்கார்டரின் கடிகாரம் சரியா என்று இன்றைக்கே பாருங்கள். நேரம் தவறாக இருந்தால் காட்சி இருந்தும் சாட்சியத்தில் சிக்கல். செட்டிங்கில் என்டிபி ஆன் செய்து, டைம் ஜோன் 5:30 என்று வைத்தால் இன்டர்நெட் வழியாக அது தானே சரிசெய்துகொள்ளும்.

மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் ஆதாரமாக வைக்க ஒரு சான்றிதழ் வேண்டும். முன்பு இந்திய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்‌ஷ்ய அதிநியம் சட்டத்தின் 63-வது பிரிவு. காப்பியை மட்டும் கொடுக்கும்போது இந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் உறுதி செய்தது. எந்தக் கருவி, யார் பொறுப்பில் இருந்தது, ஃபைலின் ஹேஷ் எண் என்ன என்பதெல்லாம் புதிய படிவத்தில் வரும். இதை போலீசாரே வாங்கிக்கொள்வார்கள். வீட்டுக்காரர் செய்ய வேண்டியது, சம்பவம் தெரிந்த உடனே அந்த நேரத்துக் காட்சியைப் பென்டிரைவில் எக்ஸ்போர்ட் செய்வது, ஒரிஜினல் டிஸ்க்கை ஃபார்மேட் செய்யாமல் இருப்பது. டிவி திரையைப் போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செய்திக்கு உதவும், வழக்குக்கு உதவாது.

கேமராவுக்குள் யாரோ நுழைந்ததாகச் சந்தேகம் வந்தால் ரெக்கார்டரின் நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு 1930-க்குக் கூப்பிடலாம். அது தேசிய சைபர் குற்ற உதவி எண்.

கேமரா யாரைப் பார்க்கிறது?

உங்கள் கேட்டையும் தெருவையும் பார்ப்பது வேறு. பக்கத்து வீட்டு பெட்ரூம் ஜன்னலையும் கொல்லைப்புறத்தையும் பார்ப்பது வேறு. ஒருவரின் அந்தரங்கத்தை அவர் சம்மதமின்றிப் படம் பிடித்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். பல ரெக்கார்டர்களில் 'பிரைவசி மாஸ்க்' இருக்கு. அடுத்த வீட்டு ஜன்னல் வரும் இடத்தை மட்டும் கறுப்பாக்கிவிடலாம்.

வீட்டுக்குள்ளேயும் இதே கேள்வி வரும். கூட்டாக வாழும் வீட்டில், உடன் இருப்பவர் சம்மதமில்லாமல் குடியிருப்புப் பகுதிக்குள் கேமரா வைக்கக் கூடாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025-ல் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. பாட்டியைப் பார்த்துக்கொள்ள வரும் அக்கா, சமையலுக்கு வருபவர், படிக்கும் வயதுப் பெண்கள், இவர்களிடம் கேமரா எங்கே இருக்கிறது, அதை யார் போனில் பார்க்கிறார்கள் என்று சொல்லியாக வேண்டும்.

வாங்கும்போது ஒரு கேள்வி

2025 ஏப்ரல் 9 முதல் இந்தியாவில் விற்பனைக்கு வரும் சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயம். முந்தைய ஆண்டு இதே தேதியில் மத்திய எலக்ட்ரானிக்ஸ், தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் அறிவித்த விதி இது. லாகின் முறை, என்கிரிப்ஷன், சாஃப்ட்வேர் பாதுகாப்பு, வெளியிலிருந்து உடைத்து நுழைய முடிகிறதா என்பதெல்லாம் ஆய்வகத்தில் பார்க்கப்படும். கடையில் "எஸ்டிக்யூசி சர்டிஃபிகேட் இருக்கா?" என்று கேளுங்கள். "பழைய ஸ்டாக், பாதி விலை" என்று பெயர் தெரியாத கேமராவை நீட்டினால், அப்டேட் யார் கொடுப்பார் என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

புது செட் மாட்டியதும் பழைய டிவிஆரை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடுவது வழக்கம். அதற்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கில் உங்கள் வீட்டின் கடைசிச் சில வாரங்கள் அப்படியே இருக்கும். மெனுவில் ஃபார்மேட் கொடுத்தாலும் ரெக்கவரி சாஃப்ட்வேரால் பெருமளவு மீட்க முடியும். நான்கு ஸ்க்ரூ கழற்றினால் டிஸ்க் கையில் வந்துவிடும். அதை எடுத்து வைத்துக்கொண்டு வெறும் பெட்டியை மட்டும் கொடுங்கள். கடைக்காரர் முந்நூறோ நானூறோ குறைப்பார், குறைக்கட்டும்.